சிட்டுக்குருவி வேப்பிலை தேடுவது ஏன்?

கோயில் கோபுரத்திலோ பள்ளிக்கூடத்து மதிற்சுவரிலோ வந்து அமரும் புறாக்களைப் பத்து நிமிடம் பொறுமையாகக் கவனித்திருக்கிறீர்களா? அவை சும்மா இருப்பதில்லை. கழுத்தை வளைத்து மார்பு இறகுகளைக் கோதும். இறக்கையை விரித்து ஒவ்வோர் இறகாக அலகின் நடுவே கொடுத்து இழுக்கும். பிறகு ஒரு காலைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொள்ளும். சற்று ஓய்ந்தபின் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

புறா தன்னை அழகுபடுத்திக்கொள்கிறது என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது வெறும் அழகு வேலையாகத் தெரியவில்லை. 62 வகைப் பறவைகளைப் பற்றிய குறிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், அவை சராசரியாகப் பகல் பொழுதில் ஒன்பது சதவீதத்துக்கும் சற்று அதிகமான நேரத்தை உடலைப் பேணுவதில் செலவிடுகின்றன என்று கண்டார்கள். அதில் பெரும்பகுதி கோதுவதும் சொறிவதும்தான். பன்னிரண்டு மணி நேரப் பகலில் ஒரு மணி நேரத்துக்கும் மேல்! இரை தேட வேண்டும், பருந்துக்கும் பூனைக்கும் தப்ப வேண்டும், குஞ்சுகளைக் காக்க வேண்டும். இத்தனை வேலைகளுக்கு இடையே ஒரு பறவை இவ்வளவு நேரத்தை ஏன் ஒதுக்குகிறது?

அதன் உடல் முழுவதும் அழையா விருந்தாளிகள் குடியிருக்கிறார்கள். அவர்களை விரட்டும் வேலைதான் அது.

வீடும் சோறும் ஓரிடத்தில்

பிற உயிரின் மேலோ உள்ளோ வாழ்ந்து, அதனிடமிருந்தே உணவைப் பெற்று, அதற்குத் தீங்கு செய்யும் உயிரை ஒட்டுண்ணி என்கிறோம். இடமும் உணவும் தரும் உயிருக்கு ஓம்புயிர் என்று பெயர். ஒட்டுண்ணிக்குப் பறவையைவிட நல்ல வீடு கிடைப்பது அரிது. பறவையின் உடல் எப்போதும் ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கிறது. மழையும் குளிரும் படாமல் இறகுகள் போர்த்தியிருக்கின்றன. தோலுக்குக் கீழே குருதி ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த விருந்தாளிகளில் வெளியே வாழ்பவை புற ஒட்டுண்ணிகள். பேன், உண்ணி, கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணி, தெள்ளுப்பூச்சி, சில வகை ஈக்கள் ஆகியவை இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. உடலுக்குள்ளே வாழ்பவை அக ஒட்டுண்ணிகள். குடற்புழுக்களும், குருதியின் சிவப்பணுக்களுக்குள் புகுந்து வாழும் ஒற்றைச் செல் உயிர்களும் இவற்றில் அடங்கும்.

பறவைப் பேன் நம் தலைப்பேனைப் போன்றதன்று. புறாவின் இறகுப் பேன் இறகையே தின்று வாழ்கிறது. முட்டையை இறகில் ஒட்டி வைக்கிறது. பிறந்து, வளர்ந்து, மடிவது எல்லாம் புறாவின் மேல்தான். கீழே விழுந்தால் சில நாட்களுக்கு மேல் பிழைக்காது. இறகைத் தின்றால் பறவைக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். உடலை ஒட்டியுள்ள மெல்லிய பஞ்சு போன்ற பகுதிகளைப் பேன்கள் தின்றுவிட்டால், உடல் வெப்பம் வெளியே கசிகிறது. அதை ஈடுகட்டப் பறவை கூடுதலாக உணவை எரிக்க வேண்டியிருக்கிறது. பேன் மிகுந்த ஆண் புறாக்களைப் பெண் புறாக்கள் துணையாக ஏற்பதும் குறைகிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன.

கூட்டிலேயே ஒளிந்திருந்து தாக்கும் பகைவர்களும் உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பாலங்களுக்கு அடியில் ஒருவகைத் தகைவிலான் குருவிகள் நூற்றுக்கணக்கில் நெருக்கமாக மண்கூடு கட்டுகின்றன. அந்தக் கூடுகளில் நம் வீட்டு மூட்டைப்பூச்சியின் உறவினமான ஒரு பூச்சி வாழ்ந்து, குஞ்சுகளின் குருதியைக் குடிக்கிறது. சார்லஸ் பிரவுன், மேரி பிரவுன் என்ற விஞ்ஞானத் தம்பதியர் 1982ஆம் ஆண்டு முதல் அங்கே ஆராய்ச்சி செய்தார்கள். சில கூடுகளுக்கு மட்டும் பூச்சிமருந்து தெளித்து, மற்றவற்றை அப்படியே விட்டார்கள். பெரிய குடியிருப்புகளில், பூச்சியுள்ள கூட்டின் குஞ்சு, மருந்தடித்த கூட்டின் குஞ்சைவிட 3.4 கிராம் வரை எடை குறைந்திருந்தது. வளர்ந்த பறவையே இருபது கிராமைச் சற்றுத் தாண்டும் அளவுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எத்தனை பெரிய இழப்பு என்பது விளங்கும். சில இடங்களில் பிழைத்த குஞ்சுகளின் எண்ணிக்கையும் பாதியாகக் குறைந்தது.

அப்படியானால் ஒட்டுண்ணிகள் எல்லாப் பறவைகளையும் ஏன் கொன்று தீர்த்துவிடவில்லை? காரணங்கள் இரண்டு. முதலாவது, வீட்டை இடித்தால் குடியிருப்பவனுக்கும் இடமில்லை. தாய்ப் பறவையிடமிருந்து குஞ்சுக்குத் தொற்றிச் செல்லும் பேன், தாயையே கொன்றுவிட்டால் தானும் அழிந்துபோகும். இரண்டாவது காரணம், பறவைகள் கைகட்டிக்கொண்டு இருப்பதில்லை. அவற்றின் தற்காப்பு முறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அலகுதான் சீப்பு

புறாவின் அலகை அருகில் பார்த்தால் மேலலகின் நுனி கீழலகைத் தாண்டிச் சற்றே வளைந்து நீண்டிருப்பது தெரியும். ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்கும். தானியம் பொறுக்க இந்த வளைவு தேவையில்லை. பிறகு எதற்கு?

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேல் கிளேட்டனும் அவருடைய தோழர்களும் இந்தச் சிறு நுனியை மட்டும் அராவிவிட்டுப் பார்த்தார்கள். நம் நகத்தை வெட்டுவதுபோல இதில் பறவைக்கு வலி இல்லை. நுனி மீண்டும் வளர்ந்துவிடும். அராவிய புறாக்கள் வழக்கம்போலத் தின்றன; உடல் இளைக்கவில்லை. ஆனால் அவற்றின் பேன்கள் பெருகிவிட்டன. நுனி வளர்ந்ததும் பேன்கள் குறைந்தன! மேலலகின் வளைவும் கீழலகும் கத்தரியின் இரு அலகுகளைப் போல உராய்ந்து பேனை நசுக்குகின்றன என்பது இதனால் தெளிவாயிற்று. அலகு எட்டாத தலையையும் கழுத்தையும் பறவை காலால் சொறிகிறது. மிக நீண்ட அலகுள்ள பறவைகளால் நன்றாகக் கோத முடிவதில்லை. ஆகவே அவை சொறிவதையே அதிகம் நம்பியிருக்கின்றன.

பேன்களும் சும்மா இல்லை. புறாவின் இறக்கைப் பேன் ஊசிபோல ஒடுங்கிய உடல் கொண்டது. அலகு நெருங்கும்போது இறகின் இழைகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் தன்னைச் செருகிக்கொள்ளும். 2019ஆம் ஆண்டில் அதே பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட இன்னொரு சோதனை மேலும் சுவையானது. ஒரே கூட்டத்துப் பேன்களைப் பிரித்து வெவ்வேறு நிறப் புறாக்களின் மேல் குடியேற்றினார்கள். நான்கு ஆண்டுகள் சென்றன. பேன்களுக்கு அது ஏறத்தாழ அறுபது தலைமுறை. வெள்ளைப் புறாக்களின் மேல் இருந்த பேன்கள் வெளிறியும், கறுப்புப் புறாக்களின் மேல் இருந்தவை கருத்தும் மாறியிருந்தன. இறகின் நிறத்தோடு பொருந்தாமல் பளிச்சென்று தெரிந்த பேன்களை அலகு பொறுக்கி எடுத்துவிட்டது. பொருந்தியவை தப்பிப் பிழைத்துக் குஞ்சு பொரித்தன. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு, புறாவின் முதுகில் நான்கே ஆண்டுகளில் நடந்து முடிந்திருக்கிறது!

வெயில், புழுதி, எறும்பு

கடும் வெயிலில் மைனாவோ காக்கையோ இறக்கையை விரித்து, வாயைத் திறந்து, மயங்கியதுபோல் கிடப்பதைப் பார்த்து, அதற்கு ஏதோ ஆகிவிட்டது என்று எண்ணியிருப்பீர்கள். அது வெயில் காய்கிறது. உடல் ஏற்கெனவே சூடாக இருக்கும்போது எதற்கு வெயில்? தகைவிலான் இனம் ஒன்றில் இதைச் சோதித்தார்கள். சில பறவைகளின் புற ஒட்டுண்ணிகளை மருந்தால் அகற்றியபோது, அவை வெயில் காய்வது குறைந்துபோயிற்று. ஒட்டுண்ணி இல்லையென்றால் வெயிலில் வாடும் தேவையும் இல்லை.

சிட்டுக்குருவி, தவிட்டுக்குருவி, கோழி, மயில் ஆகியவை புழுதியில் குளிக்கின்றன. மண்ணில் குழி பறித்து, தூளை இறகுகளுக்குள் வாரி இறைத்து, பிறகு உதறி எழுகின்றன. கோழிகளுக்கு வைத்த புழுதிப் பெட்டியில் கந்தகத் தூளையோ வெள்ளைக் களிமண் தூளையோ கலந்துவைத்துச் சோதித்தபோது, அதில் குளித்த கோழிகளிடம் சிற்றுண்ணிகளும் பேன்களும் வெகுவாகக் குறைந்தன.

எல்லாவற்றிலும் விந்தையானது எறும்புக் குளியல். சில பறவைகள் எறும்புப் புற்றின் மேல் இறக்கையை விரித்துப் படுத்து எறும்புகளை உடலில் ஏறவிடுகின்றன. வேறு சில, எறும்பை அலகால் கவ்வி இறகுகளில் தேய்க்கின்றன. இருநூறுக்கும் மேற்பட்ட பறவை இனங்களில் இந்தப் பழக்கம் காணப்பட்டிருக்கிறது. புற ஒட்டுண்ணிகளை ஒழிக்கவே பறவைகள் எறும்புகளைப் பயன்படுத்துகின்றனவா என்ற கேள்வியை நம் நாட்டுப் பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1936ஆம் ஆண்டிலேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுப்பினார். எறும்பு பீய்ச்சும் பார்மிக் அமிலம் பேனைக் கொல்லும் என்பது பார்வைக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் எறும்பில் உள்ள அளவு அமிலத்தால் இறகைச் சிதைக்கும் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தடுக்க முடியவில்லை என்று 2004ஆம் ஆண்டின் சோதனை ஒன்று காட்டியது. வேறொரு சோதனையில், அமிலப் பையை நீக்கிய எறும்புகளைக் கொடுத்தபோது, அமெரிக்க நீல ஜே பறவைகள் அவற்றை இறகில் தேய்க்காமல் உடனே விழுங்கிவிட்டன. அப்படியானால் அந்தப் பறவைக்கு இது மருந்துக் குளியலைவிட, உணவின் காரத்தைத் துடைத்தெடுக்கும் வழியாகவே இருக்கலாம். ஒரு விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காக விஞ்ஞானம் அதை ஏற்றுக்கொள்வதில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கூட்டுக்குள் ஒரு மருந்துக்கடை

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். கல்கத்தா நகரில் சிட்டுக்குருவிகள் தம் கூடுகளுக்குள் வேப்பிலைகளைக் கொண்டுவந்து பரப்புகின்றன என்று சென்குப்தா என்ற ஆராய்ச்சியாளர் 1981ஆம் ஆண்டில் எழுதினார். கூடு கட்ட வைக்கோலும் நாரும் போதும்; பச்சை இலை கூட்டைத் தாங்காது. நம் வீடுகளில் தானியத்தோடு வேப்பிலையைப் போட்டு வைப்பது எதற்கு? பூச்சி அண்டாதிருக்க. வேம்பில் உள்ள அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சிகளை உணவை வெறுக்கச் செய்கிறது. அவை தோலுரித்து வளர்வதையும் கெடுக்கிறது. குருவியும் அதே பயனுக்காகவே வேப்பிலையைத் தேடுகிறது என்பது சென்குப்தாவின் கருத்து.

மைனாவின் உறவினமான ஸ்டார்லிங் பறவைகளும் பச்சிலை சேர்ப்பவை. 1980களில் அமெரிக்காவில் கிளார்க், மேசன் என்ற இருவர், இந்தப் பறவைகள் கைக்கு எட்டிய இலைகளை எல்லாம் எடுப்பதில்லை, காட்டுக் கேரட் போன்ற மணமுள்ள சில செடிகளையே தேர்ந்தெடுக்கின்றன என்று காட்டினார்கள். காட்டுக் கேரட் இலையை நீக்கிய கூடுகளில் சிற்றுண்ணிகள் மிகுதியாகப் பெருகின. ஆனால் பின்னர் ஜெர்மனியில் நடந்த ஆய்வில், மூலிகை உள்ள கூட்டிலும் இல்லாத கூட்டிலும் சிற்றுண்ணிகள் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தன. இருந்தும் மூலிகைக் கூட்டுக் குஞ்சுகள் எடை கூடி நலமாக இருந்தன. மூலிகை, பகைவனைக் கொல்லாமல் குஞ்சின் எதிர்ப்பாற்றலை வளர்த்திருக்கலாம் என்று அந்த விஞ்ஞானிகள் கருதினார்கள்.

வேப்பமரமும் மூலிகையும் இல்லாத மாநகரத்தில் குருவி என்ன செய்யும்? மெக்சிகோ நகரில் சிட்டுக்குருவிகளும் ஒருவகைப் பிஞ்ச் பறவைகளும், தெருவில் கிடக்கும் சிகரெட் துண்டுகளின் பஞ்சைக் கூட்டில் வைக்கின்றன. புகையிலையின் நிகோடின் பூச்சிகளுக்கு நஞ்சு. பஞ்சு அதிகமுள்ள கூடுகளில் சிற்றுண்ணிகள் குறைவு என்று 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறிற்று. பின்னொரு சோதனையில், கூட்டில் உயிருள்ள உண்ணிகளைச் சேர்த்தபோது பறவைகள் மேலும் சிகரெட் பஞ்சைக் கொண்டுவந்தன. ஆனால் அந்த நஞ்சு குஞ்சுகளையும் விடவில்லை. அவற்றின் குருதிச் செல்களில் மரபுப் பொருள் சிதைந்திருப்பது கண்டறியப்பட்டது. மருந்துக்கும் ஒரு விலை உண்டு.

உள்ளே ஒரு படை

அலகும் இலையும் வெளிக்கோட்டை. அதைத் தாண்டி உள்ளே நுழையும் பகைவனை எதிர்க்க உடலுக்குள் ஒரு படை இருக்கிறது. நம் உடலிலும் அத்தகைய படை உண்டு. ஆனால் அதைப் பற்றி நாம் அறிந்துகொண்டதில் கோழிக்குப் பெரும் பங்கு உண்டு என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

பறவைகளின் கழிவுப் புழையை ஒட்டி ஒரு சிறு பை இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் இத்தாலிய உடற்கூற்று அறிஞர் ஃபாப்ரீசியஸின் பெயரால் அது ‘ஃபாப்ரீசியஸ் பை’ எனப்படுகிறது. அதன் வேலை என்ன என்பது நெடுங்காலம் தெரியவில்லை. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூஸ் கிளிக், இளம் குஞ்சிலேயே அந்தப் பையை நீக்கிவிட்டால் கோழியால் எதிர்ப்பொருள்களைச் சரிவர உண்டாக்க முடிவதில்லை என்று அறிவித்தார். எதிர்ப்பொருளை உண்டாக்கும் செல்களுக்கு ‘பி செல்கள்’ என்று பாடநூலில் படிக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பையின் லத்தீன் பெயரான ‘பர்சா’வின் முதல் எழுத்துதான் அந்த ‘பி’.

இந்தப் படையின் ஒரு பிரிவைத் தாய் தன் குஞ்சுக்கு முட்டையிலேயே வைத்துக் கொடுக்கிறது. தாயின் எதிர்ப்பொருள் மஞ்சள் கருவின் வழியே குஞ்சுக்குச் செல்கிறது என்பதை ஃபெலிக்ஸ் கிளெம்பெரர் 1893ஆம் ஆண்டிலேயே கோழியில் காட்டினார். காட்டுப் பறவைகளிலும் தாய் குஞ்சை இப்படி முன்கூட்டியே ஆயத்தம் செய்வதாகத் தெரிகிறது. சுவிட்சர்லாந்தில் ஒருவகைப் பட்டாணிக் குருவிகளின் கூடுகளில், முட்டையிடும் காலத்தில் தெள்ளுப்பூச்சிகளை விட்டார்கள். அந்தத் தாய்களின் குஞ்சுகள், பின்னால் தெள்ளுப்பூச்சிகளின் தாக்குதல் வந்தபோது, முன் அனுபவம் இல்லாத தாய்களின் குஞ்சுகளைவிட நன்றாக வளர்ந்தன.

படை வைத்திருக்கச் செலவு ஆகும். எதிர்ப்பாற்றலுக்குச் செலவிடும் ஊட்டம் முட்டைக்கும் இறகுக்கும் பயணத்துக்கும் கிடைக்காது. ஆகவே பல பறவைகள் ஒட்டுண்ணியை முற்றிலும் அழிக்காமல், அதை அடக்கி வைத்துக் காலம் தள்ளுகின்றன. சுவீடனில் ஒருவகை நாணல் குருவிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தவர்கள் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இது: குருதியில் சிறிதளவே மலேரியா ஒட்டுண்ணி உள்ள பறவை நோயுற்றதாகத் தோன்றாது, ஆயினும் அதன் வாழ்நாள் குறுகுகிறது, ஈனும் குஞ்சுகளும் குறைகின்றன.

கல்கத்தா சிட்டும் ஹவாய்ப் பறவையும்

பறவைக்கும் மலேரியா வருமா என்று கேட்கிறீர்களா? வரும். அது மனிதரைப் பிடிக்கும் மலேரியா அன்று, அதன் உறவு. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்ற உண்மை முழுமையாக நிலைநாட்டப்பட்டதும் சிட்டுக்குருவியால்தான். 1897ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில், மலேரியா நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றில் ரொனால்டு ராஸ் அந்த ஒட்டுண்ணியைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளை வைத்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். நோயுற்ற குருவியைக் கடித்த கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பி வரை ஒட்டுண்ணி செல்வதைக் கண்டார். அந்தக் கொசுக்களை நலமான குருவிகளைக் கடிக்கவிட்டபோது அவற்றுக்கும் நோய் தொற்றியது. 1902ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கல்கத்தா சிட்டுகளும், அவற்றின் மலேரியாவும், அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவும் நெடுங்காலப் பழக்கமுள்ளவை. எத்தனையோ தலைமுறைகளாக எளிதில் மடிந்தவை மடிந்து, தாக்குப்பிடித்தவை பெருகி, ஓர் உடன்பாடு போன்ற நிலை ஏற்பட்டிருக்கிறது. இந்தப் பழக்கமே இல்லாத பறவையிடம் இதே ஒட்டுண்ணி போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? அதை ஹவாய்த் தீவுகளில் பார்க்கலாம்.

பசிபிக் பெருங்கடலின் நடுவே, எந்தக் கண்டத்திலிருந்தும் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளவை அந்தத் தீவுகள். பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆசியாவிலிருந்து அங்கே சென்று சேர்ந்த பிஞ்ச் பறவையின் வழித்தோன்றல்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட தேன்பறவை இனங்களாகப் பெருகின. அங்கே கொசுவே இல்லை. 1826ஆம் ஆண்டில் ‘வெலிங்டன்’ என்ற கப்பலின் மாலுமிகள் மவுயித் தீவில் தண்ணீர்ப் பீப்பாய்களைக் கழுவியபோது, அவற்றிலிருந்த கொசுப் புழுக்கள் ஓடையில் கலந்தன என்று சொல்லப்படுகிறது. நம் ஊர்ச் சாக்கடைகளில் பெருகி யானைக்கால் நோயைப் பரப்பும் அதே கியூலெக்ஸ் கொசுதான் அது. பின்னர் மக்கள் வெளிநாடுகளிலிருந்து கொண்டுவந்த பறவைகளோடு மலேரியா ஒட்டுண்ணியும் வந்து சேர்ந்தது.

விளைவு கொடியது. ‘இயீவி’ என்ற செந்நிறத் தேன்பறவையை, நோயுள்ள ஒரே ஒரு கொசு கடித்தாலும், பத்தில் ஒன்பது பறவைகள் மடிந்தன என்று 1995ஆம் ஆண்டின் சோதனை காட்டியது. தாழ்நிலக் காடுகள் தேன்பறவைகளை இழந்தன. எஞ்சியவை 1,500 மீட்டருக்கு மேற்பட்ட மலைக்காடுகளில் ஒதுங்கின. அங்கே குளிர், ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே கொசுவின் உடலில் ஒட்டுண்ணி வளர்வதில்லை. ஆனால் உலகம் வெப்பமாகி வருவதால் கொசுக்கள் மேலே ஏறுகின்றன. கவாய்த் தீவின் மிக உயர்ந்த சிகரமே 1,600 மீட்டரை எட்டாது. பறவைகள் ஏறுவதற்கு அதற்கு மேல் இடமில்லை. அந்தத் தீவுக்கே உரிய ‘அகிகிகி’ என்ற சிறு பறவை, 2023ஆம் ஆண்டில் காட்டில் ஐந்தே ஐந்துதான் இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க அரசு, அற்றுப்போய்விட்டதாக அறிவித்த 21 உயிரினங்களில் எட்டு ஹவாய்ப் பறவைகள்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. ஹவாயின் பெரிய தீவில் ‘அமாகிஹி’ என்ற தேன்பறவை, மலேரியா மிகுந்த தாழ்நிலத்திலேயே மீண்டும் பெருகியிருக்கிறது. தாக்குப்பிடித்த சிலவற்றின் வழித்தோன்றல்கள் அவை. ஆனால் எல்லாப் பறவைகளுக்கும் அத்தனை தலைமுறைக் காலம் கிடைக்காது. அதனால் விஞ்ஞானிகள் கொசுவின் மேல் கைவைத்திருக்கிறார்கள். வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவின் வேறொரு வகையைத் தாங்கிய ஆண் கொசுக்களை, 2023ஆம் ஆண்டு முதல் மவுயித் தீவின் காடுகளில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். ஆண் கொசு கடிப்பதில்லை. அதனோடு கூடிய பெண் கொசுவின் முட்டைகள் பொரிப்பதில்லை. இப்படிப் பறவைகளுக்குக் கொஞ்சம் காலம் வாங்கிக் கொடுப்பதே நோக்கம்.

டார்வினின் பிஞ்ச் பறவைகள் வாழும் கலாபகோஸ் தீவுகளிலும் இதே கதை. வெளியிலிருந்து வந்த ஓர் ஈ கூட்டில் முட்டையிடுகிறது. அதன் புழுக்கள் இரவில் குஞ்சுகளின் குருதியை உறிஞ்சுகின்றன. பறவைகளின் கூடுகளில் இந்த ஈ 1997ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. இங்கே கல்கத்தா சிட்டின் உத்தியை நினைவூட்டும் ஒரு வழி கிடைத்தது. பூச்சிமருந்தில் நனைத்த பஞ்சை ஆராய்ச்சியாளர்கள் காட்டில் தொங்கவிட்டார்கள். பிஞ்ச் பறவைகள் தாமாகவே அதை எடுத்துச் சென்று கூட்டில் பின்னிக்கொண்டன! ஒரு கிராம் பஞ்சு சேர்ந்த கூடுகளில்கூடப் புழுக்கள் ஏறக்குறைய இல்லாமற் போயின. இந்த முடிவு 2014ஆம் ஆண்டில் வெளிவந்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

பழைய பகைவர்களைச் சமாளிக்கப் பறவைகளுக்குத் தெரியும். புதிய பகைவர்களைக் கப்பலிலும் விமானத்திலும் நாம் கொண்டுபோய் விடும்போதுதான் அவை தோற்கின்றன. இதை ஒரு வீட்டுக் கொல்லையிலும் காணலாம். புறாக்களின் தொண்டையில் வாழும் ஓர் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, 2005ஆம் ஆண்டில் பிரிட்டனில் பச்சைப் பிஞ்ச் பறவைகளைத் தாக்கத் தொடங்கியது. மக்கள் அன்போடு வைத்த இரைத் தட்டுகளிலும் நீர்க் கிண்ணங்களிலும் அது எளிதாகப் பரவியது. பறவைகள் ஏராளமாக மடிந்தன. ஆகவே கோடையில் மாடியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைப்பவர்கள், அந்தக் கிண்ணத்தை நாள்தோறும் கழுவி, புதிய நீர் ஊற்றுங்கள். தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

உங்கள் குறிப்பேட்டில் ஓர் ஆராய்ச்சியும் தொடங்கலாம். ஒரு புறாவைப் பத்து நிமிடம் கவனித்து, எத்தனை முறை அலகால் கோதியது, எத்தனை முறை காலால் சொறிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். காக்கை, மைனா, கொக்கு ஆகியவற்றையும் அவ்வாறே கவனித்து ஒப்பிட்டுப் பாருங்கள். நீண்ட அலகுள்ளவை அதிகம் சொறிகின்றனவா? கூட்டின் அருகே செல்லாதீர்கள். தொலைவிலிருந்து பார்த்தாலே போதும். அலகில் பச்சை இலையோடு ஒரு சிட்டுக்குருவி பறந்து செல்வதைக் கண்டால், அது எந்த மரத்து இலை, எந்த மாதம், கூட்டில் முட்டை இருந்ததா, குஞ்சு இருந்ததா என்று எழுதி வையுங்கள். சென்குப்தா கல்கத்தாவில் கண்டதை உங்கள் ஊர்ச் சிட்டுகளும் செய்கின்றனவா என்பதற்கு அந்தக் குறிப்பேடு விடை சொல்லும்.